கோணல் மூக்கர்களின் பெயரும் என் பாட்டனாரின் பெயரும்

கண்டித் தலதா மாளிகைக்குப் பின்புறம், தேசிய நூதனசாலையைக் கடந்து ஏறுகின்ற ஒடுங்கிய பாதையின் முடிவில் பழைய கல்லறைத் தோட்டம் ஒன்று உண்டு. பிரித்தானியக் காவற்படையினருக்காக 1817 இல் திறக்கப்பட்டது. கண்டி இராச்சியத்தைக் கைப்பற்றி இரண்டே ஆண்டுகளில் அவர்களுக்கு ஒரு மயானம் தேவைப்பட்டுவிட்டது. 1815 ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் பின்னணியில் நின்று உழைத்த ஜோன் டொயிலி இங்கேதான் கிடக்கிறார். வாட்டர்லூ போர்க்களத்தில் உயிர் தப்பிய மக்ளாஷன் என்ற கப்டன், திருகோணமலையிலிருந்து கொட்டும் மழையில் நடந்து வந்து காய்ச்சலில் மாண்டு இங்கே அடங்கினார். ரொபட்சன் என்ற இன்னொருவரை 1856 இல் யானை கொன்றது. மலேரியாவும் வாந்திபேதியும் கொண்டுபோன இளைஞர்களும் குழந்தைகளுமே மற்றவர்களில் பெரும்பாலானோர்.

பத்திரிகைக்குச் செய்தி கிடைக்காத நாட்களில் நான் அங்கே போய் உட்காருவதுண்டு. முப்பது ஆண்டுப் பழக்கம். அப்படிப் போயிருந்த ஒரு நாளில்தான் அந்த ஸ்கொட்லாந்துக்காரரைச் சந்தித்தேன். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். கையில் ஒரு குறிப்பேடு. கல் கல்லாகக் குனிந்து வாசித்துக்கொண்டிருந்தார். தம் குலத்தவர் எவரேனும் இங்கே புதைக்கப்பட்டிருக்கிறார்களா என்று தேடுவதாகச் சொன்னார். அவருடைய குடும்பப்பெயர் கமரன்.

"அந்தப் பெயருக்கு என்ன பொருள் தெரியுமா?" என்று கேட்டுவிட்டு, என் பதிலுக்குக் காத்திராமல் தம் மூக்கைத் தொட்டுக் காட்டினார். கெயிலிக் மொழியில் 'காம்' என்றால் கோணல். 'ஸ்ரோன்' என்றால் மூக்கு. கோணல் மூக்கன் என்று எவனோ ஒரு மூதாதைக்கு ஊர் வைத்த பட்டப்பெயர், பின்பு ஒரு முழுக் குலத்தின் பெயராகிவிட்டது. தாழ்நிலப் பகுதியில் வாழும் கமரன்களுக்கு வேறு வரலாறும் சொல்வார்கள். கோணற்குன்று என்று பொருள்படும் ஓர் இடப்பெயரிலிருந்து அது வந்ததாம். அவருடைய மூக்கு என்னவோ நேராகத்தான் இருந்தது.

பின்பு அவர் மிக இயல்பாக, "உங்கள் குடும்பப்பெயர் என்ன?" என்று கேட்டார்.

உலகத்தில் பாதிப்பேர் ஒரு சொல்லில் பதில் சொல்லிவிடக்கூடிய கேள்வி. கண்டிச் சிங்களவரிடம் கேட்டால், 'கெதர' என்று முடிகின்ற வீட்டுப்பெயரைத் தம் பெயருக்கு முன்னால் வைத்து ஒரு முழம் நீளத்துக்குச் சொல்வார். எனக்கு ஓர் எழுத்தும் ஒரு புள்ளியும்தான் உண்டு. தந்தையின் பெயருடைய முதலெழுத்து. நான் போனால் என் பிள்ளைகளின் பெயருக்கு முன்னால் என் முதலெழுத்து நிற்கும். தந்தையின் எழுத்து காணாமற்போகும். ஒரு தலைமுறைக்கு மேல் எதுவும் தங்குவதில்லை. இதை அவருக்கு விளக்கினேன். அவர் அனுதாபத்துடன் தலையசைத்தார். அந்த அனுதாபம் எனக்குக் கொஞ்சம் உறுத்தியது என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

உறுத்தலைத் தீர்த்துக்கொள்ளும் நோக்கத்துடன், "இந்த நாட்டில் உங்கள் பெயரைப் படிக்காமல் எவரும் வரலாற்றுப் பாடத்தில் சித்தியடைய முடியாது" என்றேன். அவருக்குப் புரியவில்லை. கோல்புறூக்–கமரன் ஆணைக்குழு என்பதை அவர் கேள்விப்பட்டிருக்கவே இல்லை.

நாமெல்லாம் சாதாரண தரப் பரீட்சைக்கு அந்த இரட்டைப் பெயரை ஒரே சொல்லாக மனனம் செய்தவர்கள். கோல்புறூக் 1829 இலும் கமரன் அடுத்த ஆண்டிலும் இலங்கைக்கு வந்தார்கள். அவர்களுடைய விசாரணையின் விளைவாக 1832 இல் இராசகாரியம் ஒழிந்தது. 1833 இல் கண்டி மாகாணங்களின் தனி நிர்வாகம் நீக்கப்பட்டு, நாடு முழுவதும் ஐந்து மாகாணங்களாக ஒரே ஆட்சியின் கீழ் வந்தது. நீதிமன்ற அமைப்புப் பற்றிய அறிக்கை கமரனுடையது. முழுப்பெயர் சார்ள்ஸ் ஹே கமரன். பென்தமின் சிந்தனையில் ஊறிய சட்ட அறிஞர். பிற்பாடு கல்கத்தாவில் மெக்காலேயுடன் இருந்து இந்தியத் தண்டனைச் சட்டத்தின் நகலை ஆக்குவதில் பங்கெடுத்தவரும் அவரே.

பாடநூல் இதற்குமேல் சொல்வதில்லை. அந்தக் கமரன் யாருடைய பேரன் என்பதை நான் பல்கலைக்கழகத்தை விட்டு வெளியேறிப் பல வருடங்களுக்குப் பின்புதான் அறிந்தேன்.

ஸ்கொட்லாந்தின் மேட்டுநிலத்தில் லொக்கேபர் என்று ஒரு பகுதி. கமரன் குலத்தின் இருப்பிடம் அதுவே. 'கிளான்' என்ற சொல்லுக்குக் கெயிலிக் மொழியில் பிள்ளைகள் என்று பொருள். ஒரு தலைவன், அவனுடைய பிள்ளைகளாகத் தம்மை எண்ணிக்கொள்ளும் குடிகள். இரத்த உறவு எல்லோருக்கும் இருந்ததில்லை. தலைவனின் நிலத்தில் குடியிருந்து அவன் பெயரைச் சூடிக்கொண்டவர்களும் பலர். 'மக்' என்று தொடங்கும் பெயர்களில் அந்த முன்னொட்டுக்குப் பொருள் மகன். (மக், மகன் என்ற ஒலி ஒற்றுமையைக் கண்டு உற்சாகமடைய வேண்டாம். நம்மவர் சிலரிடம் இதைச் சொன்னால் ஒரு நூலே எழுதிவிடுவார்கள்.) தலைவன் நிலம் தருவான், குடிகள் அவன் அழைக்கும்போது வாளுடன் வந்து நிற்பார்கள். வழக்கு ஏற்பட்டால் தீர்ப்புச் சொல்பவனும் அவனே. நிலத்துக்கு ஈடாகச் சேவை, பரம்பரை அதிகாரம், தலைவனே நீதிபதி என்ற இந்த அமைப்பைக் கண்டி இராச்சியத்துத் திசாவையொருவரிடம் எடுத்துச் சொல்லியிருந்தால், அவருக்கு எதுவும் புதிதாகத் தோன்றியிராது.

1745 ஆகஸ்டில் ஸ்டுவட் இளவரசர் சார்ள்ஸ், இலண்டன் அரசுக்கு எதிராகக் கிளென்ஃபினனில் கொடியேற்றியபோது, கமரன் குலத்தலைவரான லொக்கீல் தம் ஆட்களுடன் சேர்ந்துகொண்டார். அவர் வராமலிருந்தால் அக்கிளர்ச்சி அன்றைக்கே அடங்கியிருக்கும் என்று கருதுவோர் பலர். அடுத்த ஆண்டு ஏப்ரல் 16 இல் கலொடன் வெளியில் எல்லாம் முடிந்தது. லொக்கீல் பிரான்சுக்குத் தப்பினார். குலத்தின் நிலம் பறிமுதலானது. தலைவர்களின் பரம்பரை நீதி அதிகாரம் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. மேட்டுநில உடைகூடத் தடைசெய்யப்பட்டது. லொக்கீலின் தம்பி ஆர்ச்சிபோல்ட் கமரன் ஒரு மருத்துவர். ஒளிந்து மறைந்து திரும்பிவந்த அவரைப் பிடித்து, 1753 ஜூன் 7 இல் இலண்டன் டைபர்ன் மைதானத்தில் தூக்கிலிட்டார்கள். அந்தக் கிளர்ச்சிக்காக மரண தண்டனை பெற்றவர்களில் கடைசி மனிதர் அவர்.

அந்த மருத்துவரின் பேரன்தான் நம் பாடநூலின் கமரன்.

பேரனின் தலைமுறைக்குள் குடும்பம் ஆட்சியின் பக்கம் வந்துவிட்டது. தந்தையார் பஹாமாஸ் தீவுகளின் ஆளுநர். மகனோ, பரம்பரைத் தலைவர்களின் அதிகாரமும் சேவைக்கு ஈடான நிலமும் வழக்கத்திலிருந்த ஒரு மலைநாட்டுக்கு வந்து, அவற்றுக்கு முடிவு கட்டிய சீர்திருத்தத்தில் கையெழுத்திட்டார். தம் பாட்டனாரின் மலைநாட்டுக்கு இலண்டன் செய்தது அவர் நினைவில் வந்ததோ என்னவோ, அறிக்கையில் அதற்கு இடமில்லை. இராசகாரியம் ஒழிந்தது நல்லதே என்பது என் கருத்து. கட்டாய ஊழியத்துக்காக எவரும் கண்ணீர் விட வேண்டியதில்லை. ஆனால், ஒழித்ததன் பயனை முதலில் எடுத்துக்கொண்டவர்கள் கோப்பித் தோட்டக்காரர்கள். அரச காணிகள் விலைக்கு வந்தன. சிங்களக் குடியானவர் தோட்டத்துக்கு வர மறுத்தபோது, தமிழகத்திலிருந்து ஆட்கள் மன்னாரில் இறங்கி, மாத்தளைக் காட்டுவழியாக நடந்து வந்தார்கள். வழியில் செத்தவர்களுக்குக் கல்லறைத் தோட்டம் ஏதும் திறக்கப்படவில்லை.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த ஆசிரியர் தம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே இருந்தார். நான் இன்னொன்றும் சொன்னேன். 1818 கிளர்ச்சியின் தலைவர் கெப்பெட்டிபொல திசாவை கண்டியில் சிரச்சேதம் செய்யப்பட்ட பின்பு, அவருடைய மண்டையோட்டை ஹென்றி மார்ஷல் என்ற ஸ்கொட்லாந்து இராணுவ மருத்துவர் எடின்பரோவுக்குக் கொண்டுபோனார். மண்டையோட்டின் மேடுபள்ளங்களை வைத்து மனிதரின் குணத்தைக் கணிப்பதாகச் சொல்லிக்கொண்ட ஒரு சங்கத்தின் காட்சிச்சாலையில் அது இருந்தது. 1948 இல்தான் திரும்பி வந்தது. 1954 இல் இதோ இந்தக் குன்றின் கீழே, மாளிகைக்கு எதிரில் அடக்கம் செய்யப்பட்டது. ஆசிரியர் எழுதுவதை நிறுத்தினார். "எங்கள் நகரத்திலா?" என்று மட்டும் கேட்டார். அவர் எடின்பரோக்காரர் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

பெயருக்கு வருவோம். ஒரு கோணல் மூக்கு எவ்வளவு தூரம் பயணம் செய்திருக்கிறது என்பது வியப்பாகத்தான் இருக்கிறது. மலேசியாவில் நம்மவர் தேயிலை கிள்ளிய கேமரன் மலை, 1885 இல் அங்கே நில அளவைக்குப் போன வில்லியம் கமரனின் பெயரைத் தாங்கியது. 2013 நவம்பரில் யாழ்ப்பாணத்துக்கு வந்து, காணாமற்போனோரின் தாய்மார் கையில் படங்களுடன் சூழ நின்ற பிரித்தானியப் பிரதமரும் ஒரு கமரனே. ஆபிரிக்காவின் கமரூன் நாட்டை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அது இறாலுக்குப் போர்த்துக்கேயர் சொல்லும் பெயரிலிருந்து வந்தது.

நம் கமரனும் திரும்பி வந்தார். முதுமையில், 1875 இல், தம் மனைவியுடன் இலங்கைக்குக் குடிபெயர்ந்தார். மனைவி ஜூலியா மார்கரெட் கமரன், புகைப்படக் கலையின் வரலாற்றில் இன்று கணவரைவிடப் பெரிய பெயர். இருவரும் தத்தம் சவப்பெட்டிகளைப் பயணச் சாமான்களுடன் கப்பலில் ஏற்றி வந்தார்கள் என்பது பலரும் அறிந்த கதை. மலைநாட்டில் அவர்களுக்குக் கோப்பித் தோட்டங்கள் இருந்தன. இலைநோய் அவற்றைத் தின்றுகொண்டிருந்தது. 1879 ஜனவரியில் டிக்கோயாப் பகுதியில் ஜூலியா இறந்தார். அடுத்த ஆண்டு மே மாதத்தில் கணவரும் போனார். பொகவந்தலாவையின் புனித மரியாள் ஆலயத்தில் இருவரும் அருகருகே கிடக்கிறார்கள். சுற்றிலும் தேயிலை.

ஜூலியா இங்கிலாந்தில் எடுத்த படங்களில் டெனிசன், டார்வின், ஹெர்ஷல் என்று பெயர்கள் இருக்கும். இலங்கையில் எடுத்தவற்றில் நம்மவரின் முகங்கள் இருக்கின்றன, பெயர்கள் இல்லை. களுத்துறைக் குடியானவர் கூட்டம் என்று ஒரு தலைப்பு. அவ்வளவுதான். அந்தப் படங்களிலுள்ளவர்களின் கண்களை நான் பலமுறை உற்றுப் பார்த்திருக்கிறேன். யாருக்கோ அவர்கள் பாட்டன், பாட்டி.

தோட்டத்தில் 'பேர்' என்ற சொல்லுக்கு வேறு பொருள் உண்டு என்பதை வெளியூர் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். காலையில் பெரட்டுக்களத்தில் நின்று வேலைக்குப் போனால் ஒரு பேர். நிறை குறைந்தால் அரைப்பேர். பேர் என்பது ஒருநாட் சம்பளம். 1901 அளவில் ஆட்களுக்குத் தகரத்துண்டு கொடுக்கும் முறை வந்தது. வந்திறங்கும் ஒவ்வொருவர் கழுத்திலும் தோட்டத்தையும் ஆளையும் குறிக்கும் எழுத்தும் இலக்கமும் பொறித்த ஒரு வில்லை தொங்கும். எங்கள் பாட்டனாரின் தகப்பனார் அப்படி வந்தவர். அவருடைய இலக்கம் எங்கள் வீட்டில் எவருக்கும் தெரியாது.

பாட்டனாருக்கு அவருடைய பெற்றோர் வைத்த பெயர் 'ஐயா' என்று முடிவது. கணக்கப்பிள்ளை அதைச் செக்ரோலில் 'அன்' என்று முடித்து எழுதினார். கூலிக்காரனுக்கு ஐயா என்ன ஐயா என்ற நினைப்புத்தான், எழுத்துப்பிழை அன்று. தோட்டத்து ஆவணங்களில் அவர் 'அன்' ஆகவே நாற்பது ஆண்டுகள் உழைத்தார். பிறப்புப் பதிவில் மட்டும் 'ஐயா' இருந்தது.

1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், நாட்டில் பிறந்ததை மட்டும் போதுமானதாகக் கொள்ளவில்லை. தகப்பன் அல்லது பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்ததை நிறுவச் சொன்னது. மறு ஆண்டு வந்த சட்டத்தின் கீழ் ஏறத்தாழ 8 இலட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் போயின. ஏற்கப்பட்டவர்கள் 1 இலட்சத்து 34 ஆயிரம் பேர் அளவில். எங்கள் பாட்டனாரும் விண்ணப்பித்தார். விசாரணைக்கு அழைத்த அலுவலகம் இரண்டு பத்திரங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தது. 'ஐயா'வும் 'அன்'னும் ஒரே ஆள் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டது. "நாந்தாங்க ரெண்டு பேரும்" என்றாராம் பாட்டனார். அந்த வாக்கியத்தை எங்கள் வீட்டில் சிரிப்புக்காகச் சொல்வார்கள். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது.

1964 இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு என்று இரண்டு பிரதமர்கள் பிரித்துக்கொண்டார்கள். பெரியப்பா இந்தியாவுக்கு விண்ணப்பித்தார். அப்பா இங்கே நின்றார். பெரியப்பாவின் பத்திரங்கள் தோட்டத்துச் செக்ரோலைப் பார்த்து நிரப்பப்பட்டன. அதில் தந்தையின் பெயர் 'அன்'. அப்பாவோ பிடிவாதமாகப் பிறப்புப் பதிவைக் காட்டி 'ஐயா' என்று எழுதுவித்தார். பாட்டனாருக்குச் செய்த ஒரே மரியாதை அது என்று பிற்காலத்தில் சொல்வார். எழுபதுகளில் பெரியப்பா குடும்பம் தலைமன்னாரில் கப்பலேறி, இராமேஸ்வரம் வழியாக நீலகிரிக்குப் போயிற்று. அங்கும் தேயிலைதான்.

தொண்ணூறுகளில் பெரியப்பா படுத்த படுக்கையானார் என்று கடிதம் வந்தது. அப்பா விசாவுக்கு விண்ணப்பித்தார். அண்ணனைப் பார்க்கப் போகிறேன் என்று எழுதியிருந்தார். கையில் இருந்த அண்ணனின் பத்திரப் பிரதியில் தந்தையின் பெயர் வேறு. "ஒரே தகப்பனுக்குப் பிறந்தவர்கள் என்பதற்கு ஆதாரம் கொண்டு வாருங்கள்" என்று சொல்லிவிட்டார்கள். தோட்டத்துக்கும் பதிவாளரிடத்துக்கும் சமாதான நீதவானிடத்துக்குமாக நான் அப்பாவுடன் அலைந்தேன். பத்திரிகைக்காரன் என்ற அடையாளம் அப்போது எந்தக் கதவையும் திறக்கவில்லை. சத்தியக்கடதாசி தயாரானபோது பெரியப்பாவின் கருமாதி முடிந்துவிட்டிருந்தது. அப்பா அந்தக் கடதாசியை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மறுநாள் வழக்கம்போல் எழுந்து தேநீர் குடித்தார். அண்ணனைப் பற்றி அதன்பின் அவர் அதிகம் பேசியதில்லை.

இதை நான் அந்த ஆசிரியரிடம் முழுவதும் சொல்லவில்லை. பாதியில் நிறுத்திக்கொண்டேன். அவர் தம் பங்குக்கு ஒன்று சொன்னார். உலகெங்கும் உள்ள கமரன்கள் அவ்வப்போது குலத்தலைவரின் இல்லமான அச்நக்கரியில் கூடுவார்களாம். கனடாவிலிருந்தும் அவுஸ்திரேலியாவிலிருந்தும் வருவார்களாம். யாரும் யாரிடமும் பத்திரம் கேட்பதில்லை. பெயரைச் சொன்னால் போதும். மக்ரெகர் என்ற இன்னொரு குலத்தின் பெயரை 1603 இல் அரசே தடை செய்ததையும், அந்தத் தடை 1774 இல்தான் இறுதியாக நீங்கியது என்பதையும் அவர்தான் எனக்குச் சொன்னார். "அவர்கள் வேறு பெயர்களில் ஒளிந்துகொண்டார்கள். பிள்ளைகளுக்கு மட்டும் வீட்டுக்குள் உண்மைப் பெயரைச் சொல்லி வைத்தார்கள்" என்றார். சற்று முன் அவர் காட்டிய அனுதாபத்தின் மீது எனக்கிருந்த உறுத்தல் அப்போது போய்விட்டது.

மாலை மாளிகையின் மேளம் கேட்கத் தொடங்கியது. புறப்படும்போது காவலாளி வருகையாளர் புத்தகத்தை நீட்டினார். ஆசிரியர் தம் பெயரை எழுதி, கமரன் என்பதை மட்டும் பெரிய எழுத்தில் போட்டார். பின்பு பேனாவை என்னிடம் தந்தார்.

நான் வழக்கமாக முதலெழுத்தும் பெயருமாக எழுதிவிட்டுப் போகிறவன். அன்றைக்கு 'ஐயா'வில் முடியும் பாட்டனாரின் பெயரை முழுதாக எழுதினேன். அடுத்து அப்பாவின் பெயர். கடைசியில் என் பெயர். காவலாளி எட்டிப் பார்த்தார்.

"மாத்தயா, பெயருக்கு விட்டிருக்கிற இடம் போதாதே" என்றார்.

முகவரிக்கான கட்டத்திலும் கொஞ்சம் எழுதிக்கொண்டேன்.